கெச்சாக் பார்க்கத் தனியாகப் போனேன்: பணமும் கண்ணாடியும் போன கதை

பாலிக்குப் போவதாகச் சொன்னாலே இப்போது நம்மவர்கள் கேட்பது, "கடலோரப் பாறை மேல் ராமாயண நடனம் நடக்குமாமே, அதற்கு எப்படிப் போவது?" என்பதைத்தான். உலுவாத்து கோயிலில் மாலை நேரம் நடக்கும் கெச்சாக்கைக் கேட்கிறார்கள். போன வருடம் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். டிக்கெட் ஒன்றரை லட்சம் ருப்பியா, கோயில் நுழைவு 50 ஆயிரம் ருப்பியா. ஆக மொத்தம் 2 லட்சம், நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். அதற்குள் முடிந்திருக்க வேண்டிய மாலை அது. ஆனால் அந்த ஒரு மாலையால் என் கையைவிட்டுப் போனது 21 லட்சம் ருப்பியா, ஏறக்குறைய 11,000 ரூபாய். பணமாவது பரவாயில்லை. பழக்கமில்லாத ஊரில், இருட்டில், கண் சரியாகத் தெரியாமல் தனியாக நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. போகும்முன் யாராவது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

தங்கியிருந்தது பாலியின் தெற்கே கடற்கரை ஊரான குத்தா பக்கம். போன் வழியாகப் பிடித்த ஒரு சுற்றுலா ஏஜென்சி, "முன்வரிசை இருக்கை உறுதி, டிக்கெட், நுழைவுக் கட்டணம், போக வரக் கார், எல்லாம் சேர்த்து 6 லட்சம்" என்றது. தனியாகப் போகிற பெண்ணுக்கு எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வது நிம்மதிதானே? கட்டிவிட்டேன். மூன்று மணிக்கு வர வேண்டிய கார் நாலே காலுக்கு வந்தது. உள்ளே வேறு ஒரு ஜோடி. அவர்களை ஜிம்பாரனில் இறக்கிவிட்டுத்தான் என்னைக் கொண்டுபோவார்களாம். ஜிம்பாரனைத் தாண்டியதும் சாலை அப்படியே நின்றுவிட்டது. உலுவாத்து இருக்கும் அந்தத் தெற்கு மேட்டு நிலத்துக்கு ஏறும் வழிகள் குறைவு. சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிற மொத்தக் கூட்டமும் அதே நேரத்தில் அதே வழியாகத்தான் போயாக வேண்டும். கோயில் வாசலில் இறங்கியபோது ஐந்தரை தாண்டிவிட்டது. ஆட்டம் ஆறு மணிக்கு.

கவுன்டரில் போனில் வந்திருந்த ரசீதைக் காட்டினேன். அந்தப் பையன் இரண்டு முறை பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் எதுவும் வரவில்லை என்று பணிவாகவே சொன்னான். ஏஜென்சி எண்ணுக்கு அடித்தால் மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. டிரைவரோ, டிக்கெட் தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. கோபத்தில் கை நடுங்கியது. வேறு வழியில்லாமல் நுழைவுக்கும் ஆட்டத்துக்கும் மறுபடி 2 லட்சம் கொடுத்து உள்ளே போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அரங்கில் நான் பார்த்தவரை இருக்கை எண்ணே கிடையாது. வட்டமான திறந்தவெளிப் படிக்கட்டு, முதலில் வருகிறவர் முதலில் உட்காரலாம், அவ்வளவுதான். ஆகவே "முன்வரிசை உறுதி" என்று யாராவது விற்றால், இல்லாத ஒன்றைத்தான் விற்கிறார்கள். டிக்கெட்டைக் கோயில் கவுன்டரிலோ அவர்களுடைய சொந்த இணையதளத்திலோ நேரடியாக வாங்குங்கள். காரைத் தனியாகப் பேசுங்கள். ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுத்தால், ஒன்றில் சொதப்பினால் இரண்டும் போகும். குத்தாவிலிருந்து மாலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பயணத்துக்கே ஒதுக்க வேண்டும். நாலு, நாலே காலுக்கெல்லாம் கோயிலில் இருந்தால் பாறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு நல்ல இடமும் பிடிக்கலாம். தாமதமாகப் போகிறவர்களுக்குக் கிடைப்பது பக்கவாட்டு மூலை அல்லது நடைவழிப் படி. எனக்குக் கிடைத்தது நடைவழிப் படி.

அந்தப் படிக்குப் போய்ச் சேரும் முன்பே அடுத்தது நடந்தது. அரங்குக்குப் போகும் பாதை பாறை விளிம்பை ஒட்டியே போகிறது. கீழே எழுபது மீட்டர் ஆழத்தில் கடல். பக்கத்தில் கட்டைச் சுவர். அந்தச் சுவர் பூராவும் குரங்குகள். அவசரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஏதோ கனமாக இறங்கியது தெரிந்தது. அடுத்த நொடி முகத்தில் கண்ணாடி இல்லை. எனக்கு மைனஸ் ஐந்து பவர். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே கரைந்த வண்ணம்தான். கத்தினேன் என்று நினைக்கிறேன். கோயில் ஆள் ஒருவர் பழத்தைக் காட்டிக் குரங்கோடு பேரம் பேசினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி திரும்பி வந்தது. அதன் காதுக் கம்பி ஒன்று ஒடிந்திருந்தது, இரண்டு லென்ஸிலும் பல் பட்ட கீறல். அவருக்கு 50 ஆயிரம் கொடுத்தேன். கேட்டு வாங்கவில்லை, ஆனால் கொடுப்பது அங்கே வழக்கம்.

பிறகு தேடிப் படித்ததில்தான் தெரிந்தது, உலுவாத்து குரங்குகளின் இந்தப் பண்டமாற்றை ஆராய்ச்சியாளர்களே வருடக்கணக்கில் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆட்கள் சம்பந்தப்பட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. எந்தப் பொருளை மனிதர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், எதைப் பறித்தால் நல்ல தீனி கிடைக்கும் என்று வளர்ந்த குரங்குகளுக்குத் தெரிகிறதாம். கண்ணாடி, போன், செருப்பு, தொப்பி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கண்ணாடி போடுகிறவர்கள் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டும் எலாஸ்டிக் கயிறு போட்டுக்கொள்ளுங்கள், பழைய கண்ணாடி ஒன்றைப் பைக்குள் வையுங்கள். காண்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அன்றைக்கு அதுதான் நல்லது. போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி சுவர் ஓரமாக நடக்காதீர்கள். பறித்துவிட்டால் துரத்தாதீர்கள், கடித்தால் ஊசிக்கு அலைய வேண்டும். கோயில் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். வாசலில் கொடுத்த கதைச் சுருக்கத் தாளை மூக்கருகே வைத்தால் படிக்க முடிந்தது. மேடைதான் தெரியவில்லை. நடுவில் விளக்கு இருக்கும் இடம் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஆண்கள் வந்து உட்கார்ந்தது கறுப்பும் வெள்ளையுமாக ஒரு அலை பரவுவதாகத் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்க்க முடியவில்லையே என்று அழுகை முட்டியது. ஆனால் அவர்கள் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் புரிந்தது. இந்தக் கலையில் வாத்தியமே கிடையாது. மத்தளம் இல்லை, பாலியில் மற்றப் பெரும்பாலான ஆட்டங்களுக்கு வாசிக்கிற கமலான் வெண்கல வாத்தியங்கள் இல்லை. அத்தனையும் தொண்டையிலிருந்துதான் வருகிறது. ஒருவர் "புங், புங்" என்று விடாமல் தாளத்தைப் பிடிக்கிறார். இன்னொருவர் கமலானின் மெட்டையே வாயால் இழுத்துப் பாடுகிறார். மற்றவர்கள் "சக், சக்" என்று சொல்வது தூரத்தில் ஒரே சத்தமாகக் கேட்கும். காதை அதிலேயே வைத்திருந்தால் அது பல குழுக்கள் என்று தெரிகிறது. ஒரு குழு விட்ட இடைவெளியில் இன்னொரு குழுவின் "சக்" வந்து விழுகிறது. ஒரே சுற்றுக்குள் சிலர் மூன்று, சிலர் ஐந்து, சிலர் ஆறு என்று அடிக்கிறார்கள், இடைவெளியே இல்லாமல் எல்லாம் பின்னிக்கொள்கிறது. திடீரென்று ஒரு குரல் அதட்டியதும் நூறு தொண்டையும் அந்தக் கணமே நின்றது. கீழே பாறையில் அலை மோதுகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. பிறகு மறுபடி பிடித்தார்கள். கண் தெரியாத எரிச்சல் அந்த இடத்தில் எனக்கு விட்டுப்போனது. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் சொல்கிறேன், முதல் ஐந்து நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டு அந்த "புங்" எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடிக் கேளுங்கள். அதைப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் தானாக அவிழும்.

கதை நமக்குத் தெரிந்ததுதானே என்று போகிறவர்கள் நடுவில் குழம்பிப்போகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வட இந்தியக் குடும்பத்துக்கும் அதே நிலைமை. ராமனும் இலக்குவனும் பெரும்பாலும் பெண்கள்தான். மென்மையான பாத்திரங்களுக்கு அங்கே அப்படி ஒரு மரபு. அது தெரியாவிட்டால் மேடையில் மூன்று பெண்கள் நிற்கிறார்களே, இதில் சீதை யார் என்று தேடிக்கொண்டிருப்போம். பொன்மான் வரும், இலக்குவன் சீதையைச் சுற்றிக் காப்பு வட்டம் போட்டுவிட்டுப் போவான், இராவணன் வயதான துறவியாக வந்து பிச்சை கேட்பான். கம்பனில் இராவணன் சீதையைத் தொடாமல் குடிலோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போவான் அல்லவா, இங்கே நேராகக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். எனக்கு அந்த இடம் உறுத்தியது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அடுத்த காட்சியில் மனசு நிறைந்துவிட்டது. அசோகவனத்தில் சீதைக்குத் துணையாக வரும் திரிசடை இங்கே பெரிய பாத்திரம். ஜாவா, பாலி ராமாயணத்தில் அவள் விபீஷணன் மகள். கம்பனும் அவளை வீடணன் மகளாகத்தான் சொல்கிறான். இவ்வளவு கடல் தாண்டி அவள் அதே வீட்டுப் பெண்ணாகவே இருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அனுமன் வருவான், கணையாழியைக் கொடுப்பான், சீதை தன் தலையில் இருப்பதைக் கழற்றிக் கொடுப்பாள். நடுவில் கோமாளி வேலைக்காரர்கள் வந்து கூட்டத்தோடு விளையாடுவார்கள், அதைக் கதைக்கு வெளியே என்று நினைக்காதீர்கள். நிழற்கூத்திலிருந்து வருகிற பாத்திரங்கள் அவர்கள். இராவணன் பக்கத்துக்கு டெலம், சங்குட் என்று இருவர், ராமன் பக்கத்துக்கு துவாலென், மெர்தா என்று இருவர். கதையை எந்த இடத்தோடு முடிப்பது என்பது குழுவுக்குக் குழு மாறும். சில இடங்களில் மேகநாதனின் நாகபாசமும் கருடனும் வரும்.

உட்கார்ந்திருக்கும் அந்த ஆண்கள் வெறும் வானரக் கூட்டம் இல்லை. இதையும் தெரிந்துகொண்டு போனால் ஆட்டம் வேறு மாதிரித் தெரியும். அவர்கள்தான் காடு, அவர்கள்தான் காற்று, அனுமனைச் சுற்றி எரியும்போது அவர்கள்தான் நெருப்பு. பாம்பு அம்பு வந்தால் வரிசையாகச் சாய்ந்து பாம்பாகவும் ஆகிறார்கள்.

அனுமன் தீயை உதைத்துக்கொண்டு வெளியேறும் கட்டத்தில், இன்னும் ஆட்டம் முடியாதபோதே, பாதிக் கூட்டம் எழுந்து ஓடியது. கார் நிறுத்தத்தில் நெரிசலில் மாட்டாமல் தப்பிக்க. என் டிரைவரைக் காணவில்லை, போனும் எடுக்கவில்லை. டாக்ஸி ஆப்பில் தேடினால் கார் கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறார்கள், பிறகு ரத்து செய்கிறார்கள். காரணம் பக்கத்தில் நின்றவர்தான் சொன்னார்: உலுவாத்து மாதிரி இடங்களில் உள்ளூர் டிரைவர்களின் எல்லைக்குள் ஆப் வண்டிகள் ஆள் ஏற்ற விடமாட்டார்கள். இறக்கிவிடலாம், ஏற்றக் கூடாது. விளக்கு குறைவு, எதிரே வருகிற வண்டியின் முன்விளக்கு என் கண்ணுக்குப் பெரிய பூவாக விரிந்து எல்லாவற்றையும் மறைத்தது. எந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று முகத்தைப் பார்த்துக்கூட ஊகிக்க முடியாத நிலைமை. உடம்பெல்லாம் பயம். கடைசியில் ஒரு பலகாரக் கடை அம்மாளிடம் போய் நின்றேன். அவர் தனக்குத் தெரிந்த உள்ளூர் டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார். மூன்றரை லட்சம். பேரம் பேசவில்லை, அந்த நேரத்தில் அதற்கு மேலும் கொடுத்திருப்பேன். நீங்கள் போனால் போகும்போதே வண்டியைக் காத்திருக்கச் சொல்லிப் பேசுங்கள், பாதிப் பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். வண்டி எண்ணையும் நிறுத்திய இடத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுத்தத்தில் எல்லாக் காரும் ஒரே வெள்ளை நிறத்தில்தான் நிற்கின்றன.

மறுநாள் டென்பசாரில் புதுக் கண்ணாடி, 9 லட்சம். அதோடு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை போகவில்லை. அடுத்து கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் உபுட் ஊரில் தங்கிய வீட்டுக்காரர், அங்கே ஊர்க் கோயில்களில் நடக்கும் கெச்சாக்கைப் பாருங்கள் என்றார். புரா டாலம் தாமன் காஜா என்ற கோயில் முற்றத்தில் பார்த்தேன். கடல் இல்லை, அஸ்தமனம் இல்லை, இருட்டியபிறகு ஒரு பல அடுக்கு விளக்கு, கோயில் வாசல், நான் சில அடி தூரத்தில். என் நேரெதிரே உட்கார்ந்தவருக்கு அறுபது வயதிருக்கும். இடுப்பில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத் துணி. "சக்" சொல்லும்போது வாய் அதிகம் திறக்கவே இல்லை, வயிறுதான் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. கையைத் தூக்கி விரல்களை நடுக்கும்போது சுண்டுவிரல் வரை தனியாகத் துடித்தது. அவர் தோளில் சாய்ந்தபடி இருந்த சின்னப் பையன் ஒரு இடத்தில் அடியைத் தவறவிட்டான், பெரியவர் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் லேசாகத் தட்ட, அடுத்த சுற்றில் சரியாகச் சேர்ந்துகொண்டான். அங்கே ஆடுகிறவர்கள் அந்தப் பஞ்சாரைச் சேர்ந்தவர்கள், அதாவது அந்தத் தெருக்கூட்டத்துக் குடும்பத்து ஆட்கள். பகலில் வேறு வேலை, டிக்கெட் காசு ஊர்ப் பொதுவுக்கும் கோயில் காரியத்துக்கும் போகிறது.

இதைக் காலம் காலமாக இப்படியே ஆடி வருகிறார்கள் என்று பல வழிகாட்டிகள் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ஊருக்குக் கொள்ளைநோய் வந்தால் சிறு பெண்களைத் தூபமிட்டு அருள் வரவழைத்து ஆடவைக்கும் சங்யாங் சடங்கில் ஆண்கள் கூடிச் சொல்லும் "சக்" தான் மூலம். 1930-களில் பெடுலு கிராமத்து வாயான் லிம்பாக்கும், பாலியில் வாழ்ந்த ஜெர்மன் ஓவியர் வால்ட்டர் ஸ்பீஸும் சேர்ந்து அதில் ராமாயணத்தைக் கோத்து மேடை ஆட்டமாக்கினார்கள். பாலியின் ஆட்டங்களை 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது அந்தச் சடங்கு சங்யாங் இடம்பெற்றது, கெச்சாக் இல்லை. இது தெரிந்த பிறகு எனக்குக் கெச்சாக் மேல் மரியாதை குறையவில்லை, கூடித்தான் போனது. நோயை விரட்டுவதற்காக ஊர் கூடி எழுப்பிய குரலை ஒரு தலைமுறை எடுத்து சீதைக்காகக் கொடுத்திருக்கிறது. அதற்கு நடுவில் எழுந்து கார் நிறுத்தத்துக்கு ஓடுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உபுட்டில் ஆட்டம் முடிந்ததும் குதிரை உருவைக் கட்டிக்கொண்ட ஒருவர் எரிகிற தேங்காய் மட்டைகளை வெறுங்காலால் உதைத்துக்கொண்டு ஓடுகிற சங்யாங் ஜாரானும் உண்டு. கங்கு முன்வரிசை வரை தெறிக்கும், பருத்தித் துணி உடுத்துங்கள், குழந்தையை இரண்டாம் வரிசையில் வையுங்கள்.

மீதி சில விஷயங்கள். உலுவாத்துவில் கடலைப் பார்த்த வரிசையில் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும், ஆனால் முதல் அரைமணி சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். ஜனவரி, பிப்ரவரியில் அஸ்தமனம் ஆறே முக்கால் வரை தள்ளிப்போகும், ஜூனில் ஆறே காலுக்குள்ளேயே முடிந்துவிடும். அதைப் பார்த்து இடம் பிடியுங்கள். ஒரு ஆட்டம்தான் பார்க்க நேரம் இருக்கிறது, காட்சியா, கலையா என்று கேட்டால், நான் யோசிக்காமல் உபுட் என்பேன். இடுப்புத் துணி வாசலிலேயே கொடுக்கிறார்கள், நம் வேட்டி, துப்பட்டா வீட்டிலிருந்து கொண்டுபோனாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்குள் வர வேண்டாம் என்று பல இடங்களில் பலகை இருக்கும், தேதி போடும்போது பெண்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 6 லட்சத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். ஏஜென்சி முதலில் பதிலே போடவில்லை, பிறகு நான் தாமதமாக வந்ததால் டிக்கெட் ரத்தாகிவிட்டது என்று எழுதியது. கவுன்டரில் மறுபடி வாங்கிய டிக்கெட், அதில் அச்சாகியிருந்த நேரம், டிரைவர் வந்த நேரத்தைக் காட்டும் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை. பயணத்தில் இப்படி ஏதாவது நடந்தால் அந்த இரண்டாவது டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அன்றே படம் எடுத்து வையுங்கள். வங்கி என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான்.